தவிடு கொடுத்து என்னை வாங்கிய அம்மா

ஆதார் அட்டைக்குப் போட்டோ எடுக்கச் சங்கராபுரம் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் பேரை இரண்டு தடவை கேட்டாள். தவிட்டான் என்றேன். "அது வூட்ல கூப்புடற பேரு தாத்தா. நெசப் பேரு சொல்லுங்க" என்றாள். நிஜப் பேரும் அதுதான். அதற்கு முன்னால் ஒரு பேர் இருந்தது; அது ஏழு வயதோடு போய்விட்டது. போன கதையைச் சொல்ல விடாமல் எனக்குப் பின்னால் வரிசை நீண்டு நின்றது. அதனால் இங்கே சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான் தங்கினேன், ஆனால் மாதத்துக்கு ஒரு காய்ச்சல் வந்து அம்மாவைக் கதிகலங்க வைத்துவிட்டுப் போகும். இப்படிப்பட்ட பிள்ளையை எங்கள் பக்கத்தில் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வேறு வீட்டுக்காரி ஒருத்தி முறத்தில் தவிடு கொடுத்து வாங்கி, உள்ளே கூட்டிப் போய் ஒரு வாய் ஊட்டுவாள். பெற்றவள் வாசலில் நின்று, உன் பிள்ளையை எனக்கு வளர்க்கக் கொடு என்று கேட்டு வாங்கிவருவாள். அதன் பிறகு அது ஊரார் பிள்ளை; பேரும் தவிட்டான் என்றாகிவிடும். எமன் இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வந்து ஏமாந்து போவான். எமன் அவ்வளவு ஏமாளியா என்று கேட்காதீர்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஆனால் என்னை வாங்க ஆள் இல்லை. வாங்கிய கையில் பிள்ளை போனால் பழி தன் தலையில் விழும் என்று அத்தையே ஒதுங்கிக்கொண்டாள்.

அப்போது எங்கள் ஊருக்கு மேற்கே, கரியாலூர்ப் பாதை மலையேறத் தொடங்கும் இடத்தில், ஓட்டு வீடு ஒன்றில் வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் குடியிருந்தார்கள். கிணறு வெட்ட வந்தவர்கள் என்றார்கள் சிலர். செடி கொடிகளைப் பார்த்துக் குறிப்பு எழுத வந்தவர்கள் என்றார்கள் சிலர். புருஷன் லுங்கிக்கு மேல் தோல் பெல்ட் போட்டிருப்பார். அந்தம்மா எங்கள் பெண்களோடு தண்ணீர் சேந்துவார், வறட்டி தட்டுவார். தட்டிய வறட்டி சுவரில் நிற்காமல் விழும், பெண்கள் சிரிப்பார்கள், தானும் சிரித்துக்கொண்டு மறுபடி தட்டுவார். ஒரு பசுவும் வைத்திருந்தார்கள். அந்தப் பசுவைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் பேசலாம். நம் பேச்சுக்கு உதைக்கும், அவர்கள் பாஷையில் கெஞ்சினால் கறக்கும். ஊரில் அதற்கு இங்கிலீஷ் மாடு என்று பேர். அவர்கள் பாஷை இங்கிலீஷே இல்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

"புள்ள இல்லாதவ கையிலயா குடுக்கற?" என்றார் அப்பா.

"புள்ள இல்லாத வூட்ல வந்து எமன் இன்னாத்தத் தேடுவான்?" என்றாள் அம்மா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வறட்டி தட்டும் நேரத்திலேயே அம்மா எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். ஒரு வாய் ஊட்ட வேண்டும், வெளியே கேட்டதும் "வளத்துக் குடு" என்று சொல்லிக் கையில் தர வேண்டும். வெள்ளைக்காரம்மா அந்த இரண்டு வார்த்தையை வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாட்டுத் தவிட்டை முறத்தில் அள்ளி அம்மாவிடம் கொடுத்து என்னை உள்ளே கூட்டிப் போனார். தரை கழுவி, புதுப் பாய் விரித்திருந்தது. பாலில் வெந்த சோறும் வெல்லமும் ஒரு பாத்திரம் நிறைய. ஒரு வாய் ஊட்டினார். பிறகு இன்னொரு வாய்.

வெளியே அம்மா கேட்டாள், "ஒன் புள்ளைய வளக்கக் குடும்மா."

அவர் எழுந்திருக்கவில்லை. என் உதட்டோரத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு அடுத்த வாய் உருட்டினார். புருஷன் வந்து மெல்ல என்னவோ சொன்னார். அதற்கும் தலை நிமிரவில்லை. அம்மா இரண்டாவது தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது. நான் பாத்திரத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் அப்பவே சொன்னன" என்று அப்பா கதவுப் பக்கம் வந்தார்.

"சும்மா இரு. சாப்டுக்கினு இருக்குது. சாப்ட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டாள்.

பாத்திரம் காலியான பிறகுதான் வெளியே வந்தோம். வெள்ளைக்காரம்மா என் கையை அம்மா கையில் வைத்தார். வாரமெல்லாம் படித்த வார்த்தை வரவில்லை.

"தெனம் காட்டு" என்றார்.

"காட்டறம்மா" என்றாள் அம்மா.

அப்படியே நடந்தது. சாயங்காலம் ஆனால் என்னைக் குளிப்பாட்டிக் கூட்டிப் போவாள். அந்தம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், இமையைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு டம்ளர் பால் தருவார். அப்புறம் இரண்டு பேரும் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைக்காரம்மா தெரிந்த அரைகுறைத் தமிழில், எங்கள் ஊரிலும் மலை உண்டு, இந்த மாதம் என் அம்மா குளிருக்கு விறகு அடுக்குவாள் என்பார். கள்ளக்குறிச்சியைத் தாண்டாத என் அம்மா, பாவம் அவங்களுக்கு யாரு ஒத்தாசை என்று கேட்பாள். எனக்குக் காய்ச்சல் நின்றது. தவிட்டாலா பாலாலா தெரியாது.

மாடு மேய்க்கும் பையன்கள் சும்மா விடுவார்களா? வெள்ளைக்காரி புள்ள என்று கத்தினார்கள். நான் புளியமரத்தில் ஏறி ஒளிந்தேன். அம்மா இறக்கி இழுத்துப் போனாள். "நீ அவங்க புள்ளடா. நான் வளக்கறவ. கேட்டா காட்டணும்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

மறு வருஷம் அவர்கள் ஊர் திரும்ப வேண்டி வந்தது. கடுதாசி வந்தது என்றார்கள். அதில் என்ன இருந்ததோ. ஜீப்பில் சாமான் ஏறியது. வெள்ளைக்காரம்மா என்னைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தினார். நூல்கண்டு ஒன்றை எடுத்து, நுனியை என் குதிகாலில் வைத்து உச்சந்தலை வரை இழுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது: சட்டை தைக்க அளவு எடுக்கிறார். பெரிதாகவே தைக்கட்டும் என்று குதிகாலைக் கொஞ்சம் தூக்கினேன். அவர் தோளை மெல்ல அழுத்தி இறக்கினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, விரலில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து வடக்கனந்தல் தபால்காரர் சைக்கிளைக் கண்டால் ஓடுவேன். பொங்கலுக்குச் சட்டை வந்துவிடும் என்றிருந்தேன். பொங்கலும் போயிற்று. ஒரு நாள் எனக்கே பயம் வந்து அம்மாவிடம் போனேன். நான் வளர்ந்துகொண்டே இருக்கிறேன், அந்த அளவு இனி எனக்குச் சேராது, அந்தம்மாவை இன்னொரு தடவை வந்து அளவெடுக்கச் சொல் என்றேன்.

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, தலையில் கை வைத்து, கால்வரை ஒரு முறை பார்த்தாள். சட்டைக்குத்தான் பார்க்கிறாள் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.