ஹோ சொன்னால் நிற்காத வண்டி

எங்கள் மாட்டுக் கொட்டகையின் மூலையில் ஒரு பழைய மொபெட் நிற்கிறது. முன்பக்க மட்கார்டு நசுங்கியிருக்கும். அந்த நசுங்கலுக்குள் வெள்ளையாக மாவு இறுகிக் கிடக்கும், நானும் சுரண்டியதில்லை. பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் என் மகன் வண்டியைப் பார்ப்பான், நான் மகனைப் பார்ப்பேன். இரும்புக்காரர் வெறுங்கையோடு போய்விடுவார்.

அது என் நங்கையாவின் வண்டி. நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வெண்ணந்தூர்ப் பக்கம் தோட்டத்துக்குள் அவருக்குத் தனி வீடு, இரண்டு எருமைகள். மாட்டுவண்டி ஓட்டினால் ஆண்களே ஒதுங்கி வழிவிடுவார்கள், அப்படியொரு கை. பிறகு காளைகளை விற்றுவிட்டு அவர் புருஷன் இந்த மொபெட்டை வாங்கி, அதில்தான் ரோட்டோரத்துச் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனார். புருஷன் காலமானதும் பாலைக் கொண்டுபோக ஆளில்லை. பால் வேன் யாருக்காகவும் காத்திருக்காது.

என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "எருமையெ வித்துப்போட்டு எங்கூடவே வந்துருங்கக்கா. எங்கூட்டுல ஒரு வாய் சோறு இல்லாமயா போயிரும்?"

"அந்த ஒரு வாய்தான் சாமி எனக்குத் தொண்டையில எறங்காது" என்றார் நங்கையா.

என்னைத் துணைக்கு விட்டுவிட்டுத் தம்பி தலை மறைந்ததும் நங்கையா மொபெட்டை வெளியே தள்ளினார். "பின்னால ஏறு அம்மிணி."

"எனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க நங்கையா" என்று நான் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டேன். அன்றைக்கு எனக்கிருந்த புத்தியை நானே மெச்சிக்கொள்ள வேண்டும்.

தோட்டத்து மண்தடத்தில் வண்டி அழகாகத்தான் போனது. தடம் முடிகிற இடத்தில் ஜவ்வரிசி மில். களத்தில் மரவள்ளி மாவு ஈரத்தோடு குவிந்திருந்தது. அதைப் பார்த்ததும் நங்கையா "ஹோ! ஹோ!" என்று அதட்டி, கைப்பிடி இரண்டையும் பலங்கொண்ட மட்டும் தன் பக்கம் இழுத்தார். காளையாக இருந்தால் அந்த இழுப்புக்கு மண்டி போட்டிருக்கும். மொபெட்டோ இழுத்துத் திருகத் திருகப் பறக்கிற சாதி. மாவுக்குள் புகுந்து, அதற்கப்பால் இருந்த குட்டைச் சுவரில் முட்டித்தான் நின்றது. எழுந்து நின்ற நங்கையாவிடம் கண் இரண்டு மட்டும்தான் கறுப்பு.

"ஏனுங்கக்கா, வண்டிக்கு மூக்கணாங்கயிறு குத்தலீங்களா?" என்று மில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னாலேயே ஓடிவந்த நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க நான் என்ன கல்லா?

மறுநாள் நங்கையா மொபெட்டை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி மேலே உட்கார்ந்தார். "வண்டி மேல குத்தமில்ல அம்மிணி. பயம் வந்தா என்ற கை இழுக்குது. காளைகிட்டப் படிச்ச கை. அத மறக்க வெக்கோணும். நீ பயங்காட்டு."

"பாம்பு!" என்றேன். கை இழுத்தது. "குழி!" இழுத்தது. "உங்க தம்பி வாராரு!" என்றதும் கைப்பிடியே கழன்றுவிடும்போல் இழுத்தார். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிய பிறகுதான், கத்தினால் கை தானாகத் தளர்ந்து பிரேக்குக்குப் போகக் கற்றுக்கொண்டது.

அப்புறமும் ஒருமுறை வாய்க்காலில் விழுந்தார். பால் முழுக்க மண்ணுக்குப் போனது. அன்றைக்கே என் வீட்டுக்காரர் எருமை வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சேறு ஒழுக நின்ற நங்கையா என்னிடம், "யாவாரிக்கு மோர் குடு அம்மிணி. குடிச்சுப்போட்டுப் போகட்டும். மோருக்குண்டான எருமை இங்கயேதான் இருக்கும்" என்றார்.

மறுநாள் விடியலில் மறுபடி கிளம்பினார். சொசைட்டி வாசலில், ஊரே பார்க்க, ஒரு நாய் குறுக்கே ஓடியது. நங்கையாவின் கை தளர்ந்தது. வண்டி நின்றது. நாயும் பிழைத்தது, பாலும் சிந்தவில்லை. டீக்கடையில் வியாபாரியோடு நின்ற தம்பியைப் பார்த்து, "யாவாரி சும்மா திரும்பிப் போவோணுமா சாமி? உன்ற சைக்கிளெக் குடுத்தனுப்பு" என்றார். கடைசிவரை தன் வீட்டுச் சோற்றைத்தான் தின்றார்.

இப்போது என் பேத்தி பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். போன வாரம் நான் அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிக் கோழிக்கூண்டுக்குள் போய் விழுந்தேன். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் முழங்கால் சிராய்த்தது. "சந்தைக்கு நான் கூட்டிட்டுப் போக மாட்டனா? இந்த வயசுல இது எதுக்கும்மா?" என்று மகன் சாவியை ஒளித்துவிட்டான். அவன் கூட்டிப்போவான், உண்மைதான். அவனுக்கு ஒழிந்தபோது.

யோசித்துப் பார்த்தேன். என் கையில் குற்றமில்லை. பயம் வந்தால் என் கால் இரண்டும் தரையில் குதித்துவிடுகின்றன. இன்று காலை கொட்டகை மொபெட்டைத் துடைத்து, வெள்ளை மாவை மட்டும் விட்டுவிட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்தேன். "பயங்காட்டு சாமி" என்றேன் பேத்தியிடம்.

"பாம்பு!" கால் குதித்தது. "குழி!" குதித்தது. வெயில் ஏறும்வரை கத்தினாள். கடைசியில் கள்ளி, "ஆத்தா, அப்பா வாராரு!" என்றாள்.

கால் அசையவில்லை. மகன் நிஜமாகவே வாசலில் நின்றுகொண்டிருந்தான். சாவி அரிசிப் பானைக்குள் இருப்பது எனக்குத் தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.