நான்கு குடம் தண்ணீர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்றெழுத்து எங்கே போட வேண்டும் என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. மலேசியாவில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தேன். பிறகு அங்கேயே ரப்பர் பாலுக்குப் பால்மரம் சீவப் போய்விட்டேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1987-இல் முதல் தடவையாக அப்பா பிறந்த ராஜபாளையத்துக்குப் போனேன். சித்தப்பா மகள், எனக்குத் தங்கை, அங்கே இருந்தாள். கணவர் இல்லை, ஒரே மகள். பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் அவளுக்குத் தற்காலிக வேலை. அந்த மாதம் ஒரு நாளும் தவறாமல் போனால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் கொண்டுபோனது ஒரு டஜன் வாசனை சோப்பு. சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் அதில் ஒன்றைப் பிரித்துக்கொண்டு கொல்லைக்குக் குளிக்கப் போனேன். நான்கு குடங்களில் தண்ணீர் மூடி வைத்திருந்தது. எங்கள் பக்கம் தினமும் மழை பெய்யும், தண்ணீரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நான்கையும் ஊற்றிக் குளித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட்டாள். “ஏட்டி, ஒங்க அண்ணன் குளிக்கிற சத்தத்துல மழைன்னு நெனச்சு எங்க மாடு கத்துதுடி!”

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

காலையில் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னாள்: “தோப்புக் கெணத்துக்குப் போயிருக்கா தம்பி. குழாயில தண்ணி வர இன்னும் மூணு நாளாவும். நேத்து நீங்க ஊத்துனது குடிக்க வச்சிருந்த நல்ல தண்ணில்லா.”

தங்கை தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக வந்தாள். இறக்கி வைத்துவிட்டுக் கம்பெனிக்கு ஓடினாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

“அண்ணே, செத்த நேரம் கூட வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். ஒங்க சட்டையையும் வாட்சையும் பாத்தாலே வாச்மேன் உள்ள விட்ருவான். வெளிநாட்டுல இருந்து அண்ணன் வந்திருக்காரு, அதான் லேட்டுன்னு நானே சொல்லிக்கிடுதேன்.”

தெருவில் என்னைத் தோட்டத்து மேனேஜர் என்று நினைத்திருந்தார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையில் பாமாயில் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். ஆபீஸ் படி ஏறினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்ன வேலை என்று அங்கே கேட்டுவிட்டால்?

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு வேண்டுதல் இருக்கும்மா. இன்னைக்கே போகணும்” என்றேன்.

அப்படி ஒரு வேண்டுதல் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். “சாமி காரியம்னா போயிட்டு வாங்கண்ணே” என்று பஸ் ஏறும் இடம் வரை கூட வந்து, கண்டக்டரிடம் எங்கே இறக்கிவிட வேண்டும் என்றும் சொன்னாள். கம்பெனிக்குத் தனியாகத்தான் போயிருப்பாள்.

ஆண்டாள் கோயில் வாசல் வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது வீட்டில் அவளும் மகளும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கம்பெனியில வேற ஆளப் போட்டுட்டாவ. இதுவும் நல்லதுதான், வீட்டோட இருக்கலாம்லா” என்றாள். பிறகு எழுந்து கொல்லையைக் காட்டினாள். “வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்கிய. வாளியில தண்ணி வச்சிருக்கேன், குளிங்கண்ணே.”

எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, துண்டை நனைத்து முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டேன்.

“நம்ம ஊருத் தண்ணி ஒங்களுக்கு ஒத்துக்கிடல போல” என்று அவள் வருத்தப்பட்டாள்.

இருந்த எட்டு நாளில் சொல்லியிருக்கலாம். பிறகு போட்ட கடிதங்களிலும் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றிலும் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதி முடித்துவிட்டேன்.

போன வாரம் அவளிடமிருந்து கடிதம் வந்தது, மகளுடைய கையெழுத்தில். “வீட்டுக்குள்ளயே குழாய் போட்டாச்சு. இனிமே எம்புட்டு வேணும்னாலும் குளிக்கலாம். எப்ப வாறிய அண்ணே?”

பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘நலம்’ என்று எழுதியதற்கு மேல் கை ஓடவில்லை. அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு இதை எழுதினேன். வேண்டுதல் என்று சொன்னது பொய் தங்கச்சி, அந்தக் கேட்டுக்கு வரப் பயந்துதான் போனேன். இந்தத் தாள்களையே உனக்கு அனுப்புகிறேன்.

3 நவம்பர் 1996, ஞாயிற்றுக்கிழமை.