லைசன்ஸ் முன்னால், கண் பின்னால்

ஹில்மி கட்டாரில் பெரிய வாகனங்கள் ஓடினவன். ஊருக்கு வந்து இப்போது ஓர் அரிசி ஆலையின் லொறி ஓடுகிறான். ரோட்டில் எவனுக்கும் பயப்படாத ஆள். வீட்டில் மட்டும் வாயில்லை. அது அவன் வீடில்லையே! மனைவி றஸீனாவுக்கு மாமனார் சரீப் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. காத்தான்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். குடிவந்தவன் மாமனாரின் மோட்டார் சைக்கிள் சாவியில் எப்படிக் கை வைப்பான்?

சரீபுக்கு எழுபதும் தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் புகை. ஒபரேசன் என்றால், நோன்பு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்பார். இரண்டும் முடிந்தன. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டையில், அந்தப் பெரிய நெல்வெளியில், அவருடைய வயல் கிடக்கிறது. அதைப் போய்ப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

போன மாதம் ரோட்டில் நின்ற மாட்டில் பைக்கைக் கொண்டுபோய் மோதப் பார்த்தார். அன்றுதான் ஹில்மி வாய் திறந்தான்.

“மாமா, இனி பைக்க உட்டிருங்க. நான் ஓட்டோ புடிச்சித் தாறன்.”

“ஓட்டோவில போக நான் என்ன புள்ளத்தாச்சியா?”

ஆனாலும் மனிதர் யோசித்தார். யோசித்து ஒரு வழியும் கண்டுபிடித்தார். பதினான்கு வயதுப் பேரன் இல்ஹாமைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

“லைசன்ஸ் என்னட்ட இரிக்கி. கண் இவன்ட இரிக்கி. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு டிரைவர்தானே, மருமகன்?”

றஸீனாவிடம் சொல்லிப் பார்த்தான். “வாப்பாட மனச நோகடிக்காதீங்க. புள்ள கூடப் போறான்தானே,” என்றாள்.

மகனைத் தனியாகப் பிடித்தான். “நாளைக்கு ஏறாதடா.”

“அத நீங்களே மூத்தவாப்பாக்குச் சொல்லுங்களன், வாப்பா.” சொல்லிவிட்டுப் பயல் இளித்தான். “பாலம் தாண்டினா எனக்குத்தான் ஓடத் தாற!”

மறுநாள் ஹில்மி அரிசி மூட்டைகளுடன் மண்முனைப் பாலத்தில் ஏறினால், முன்னால் அதே பைக். இல்ஹாம் கழுத்தை நீட்டி, இடப்பக்கம் கை காட்டிக் கத்துகிறான்: “இடத்தால, மூத்தவாப்பா! இன்னும் இடத்தால!”

ஹோர்னுக்குப் போன கையை ஹில்மி இழுத்துக்கொண்டான். ஹோர்ன் சத்தம் கேட்டால் சரீப் திரும்பிப் பார்ப்பார். அவர் திரும்பினால் ஹாண்டிலும் திரும்பும். இரண்டு பக்கமும் வாவி. வேறு வழியில்லாமல் லொறியை நடுரோட்டில் பிடித்து, யாரையும் முந்த விடாமல் பின்னாலேயே ஊர்ந்தான். பஸ்ஸும் வேனும் பின்னால் வரிசை கட்டின. ஒருவன் தலையை வெளியே போட்டு, “டேய், லொறி ஓடுறியா, மாடு மேய்க்கிறியா?” என்றான்.

பாலம் முடிந்ததும் பைக் ஓரமாக நின்றது. இருவரும் இடம் மாறினார்கள். இல்ஹாம் ஹாண்டிலைப் பிடித்தான். சரீப் பேரனின் சட்டையைப் பிடித்தார். ஒரு முறுக்கு. புழுதிதான் மிச்சம். மெதுவாகப் போன கிழவனை ஹில்மி லொறியால் மறைத்தாவது வந்தான். பறக்கிறவனை மூட்டை லொறி எங்கே பிடிப்பது?

ஓரம் கட்டினான். பின்னால் நின்றதெல்லாம் திட்டிக்கொண்டே கடந்து போயிற்று. போனை எடுத்து மகனின் நம்பரை அழுத்தினான். மணி அடிக்கத் தொடங்கியது. பைக் ஓடிக்கொண்டே போனை எடுத்தாலும் எடுப்பான் அந்தப் பயல். ஹில்மி அவசரமாக அழைப்பை வெட்டினான்.