மேல் கோடு மட்டும்

1. முட்டை

ஆண்கள் மட்டுமே இருந்த தொட்டியில் ஒரு காலை முட்டை கிடந்தது.

பலெர்மோவில் ஒரு தவளை ஆய்வுகூடத்தில் விலங்கறைப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தேன். இங்கே வந்து முதலில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு வீட்டு அம்மாவின், நாயைக் குளிப்பாட்டினேன். இரண்டு பயிற்சியும் பிறகு உதவின.

மரத்தவளைகளின் பாலினக் குரோமோசோம்கள் எப்படி மாறி வந்தன என்று பார்ப்பதே எங்கள் வேலை. நம்மைப் போலவே XX பெண், XY ஆண். தவளையின் வாயைப் பஞ்சுக்குச்சியால் தடவி, டி.என்.ஏ. பிரித்து, பி.சி.ஆர். கருவியில் அதைப் பெருக்கி, ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓட்டுவோம். X கீழே கோடாகத் தெரியும், Y மேலே. கீழ்க்கோடு மட்டும் என்றால் பெண், தொட்டிக்குச் சிவப்பு நாடா. இரண்டு கோடும் என்றால் ஆண், நீல நாடா. நாடா ஒட்டியபின் தவளையை யாரும் பார்ப்பதில்லை.

அந்த நீல நாடாத் தொட்டியில் இரண்டே தவளைகள். முட்டைகளோ கருவுற்று, பிளவுபடத் தொடங்கியிருந்தன.

ஆய்வுகூடத்தை நடத்திய பேராசிரியை உடனே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். தொட்டி கழுவும் யேசுதாசன். மன்னார்க்காரர், நகரின் ஓரத்துப் பிரான்காச்சோவிலிருந்து பஸ்சில் வருபவர். அந்த மாதம்தான் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வேலை போனால் பெர்மெஸ்ஸோவும், அந்த வதிவிட அனுமதியும், போகும். குடும்பத்தோடு இங்கே இருக்க முடியாது.

பேராசிரியை இத்தாலியனில் கத்தியதை நம் பேச்சில் தருகிறேன்: "ரெண்டு ஆம்பிளையள் முட்டை போட்டதெண்டால் அதை வத்திக்கானுக்குப் போய்ச் சொல்லும். அந்தாள் பெண்ணை மாத்திப் போட்டிட்டார். அனுப்பிவிடும்."

யேசுதாசன் என்னிடம் வந்தார். "அண்ணை, அந்தோனியார் சத்தியமா நான் ஒண்டையும் மாத்தேல்லை."

"சத்தியத்தை ஜெல்லிலை ஓட்டேலாது, யேசு."

"அப்ப தவளையை ஓட்டுங்கோ."

2. கோடு

ஆளைத் துரத்துமுன் மாதிரியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆய்வு மாணவி கியாரா எடுத்தாள். இரண்டு தவளைகளுக்கும் இரண்டிரண்டு கோடு. இரண்டும் XY.

"அப்ப முட்டை போட்டதை எடுத்திட்டு, திரும்ப ஆணை வைச்சிட்டார்" என்றார் பேராசிரியை.

இனி சாட்சி அந்த முட்டைகளிலிருந்து வரும் வாற்பேத்தைகள்தான். அவை பொரித்து வளர்ந்ததும் வால்நுனி வெட்டி ஓட்டினோம். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டதும் கியாரா ஜெல்லின் மேல் குனிந்தாள். சிலவற்றுக்கு ஒரு கோடு, கீழே. பலவற்றுக்கு இரண்டு. சிலவற்றுக்கு மேல் கோடு மட்டும். கீழே கறுப்பு. தரையில்லாத வீடுகள்போல அந்தக் கோடுகள் மிதந்தன.

X இல்லாத உயிர். மனிதரில் அது கருவிலேயே அழிந்துவிடும், ஏனெனில் நம் Y பெரும்பாலும் உளுத்துப்போனது. தவளையின் Y அப்படி உளுப்பதில்லை. எப்போதாவது ஒரு XY தவளை பெண்ணாக வளர்ந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுடலுக்குள் X-உம் Y-உம் துண்டுகளை மாற்றிக்கொண்டு, Y மறுபடி இளமையாகிறது. இதை நாங்கள் எல்லோரும் வாசித்திருந்தோம். எங்கள் தொட்டியில் நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

XX தாய் என்றால் எல்லாக் குஞ்சுக்கும் ஒரு X போயே தீரும். இவற்றில் சிலவற்றுக்கு அது போகவில்லை. ஆகவே தாயிடமும் Y இருந்தது. யேசுதாசன் எந்தப் பெண்ணையும் கொண்டுவரவில்லை.

அதன்பிறகுதான் நாங்கள் தவளைகளின் தொண்டையைப் பார்த்தோம். ஆணுக்கு அங்கே தோல் மஞ்சளாய்ச் சுருங்கியிருக்கும். ஒன்றுக்கு அப்படித்தான். மற்றதற்கு வெள்ளையாக, வழுவழுப்பாக இருந்தது. இத்தனை காலமும் கண்ணாடிக்குப் பின்னால் அது அப்படியேதான் உட்கார்ந்திருந்தது.

3. நாடா

ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராசிரியை மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு எங்களிடம் நடைமுறை இல்லை.

யேசுதாசன் அந்தக் குஞ்சுகளின் தொட்டியை மட்டும் கழுவ மறுத்தார். "தாயும் ஆம்பிளை, தகப்பனும் ஆம்பிளை. அதுகள் என்னைப் பாக்குது, அண்ணை."

"உம்மடை வேலையைக் காப்பாத்தினதே அதுகள்தானே?"

"ஓம். அதுதான் பயமாக் கிடக்கு."

நானே கழுவினேன். X இல்லாதவற்றைத் தனியாக வளர்த்து நீல நாடா ஒட்டினோம். வளர்ந்தபின் ஒரு வசந்தகால மாலை அவை கத்தத் தொடங்கின. இணையைத் தேடிக் கத்துவது ஆண் தவளைதான். ஒன்று மட்டும் கத்தவில்லை. மற்றவை இருந்த பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டை வெள்ளையாய், வழுவழுப்பாய்த் துடித்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் தொண்டையைப் பாருங்கள், பிறகு ஜெல்லை. இரண்டையும் பார்த்த பிறகும் நாடாவுக்கு அவசரப்படாதீர்கள்.

அன்று அதைப் பிடித்து வேறு தொட்டியில் விட்டேன். சிவப்பு நாடாச் சுருளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து எடுத்தேன். ஒட்டக் குனிந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் அது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.