இருபது கொண்டை ஊசி வளைவும் ஒரு ஹீரோவும்

பன்னிரண்டு வருடம் உதவி இயக்குநராக அலைந்தவனுக்கு ஒரு தயாரிப்பாளர் தானாகவே போன் செய்தால் எப்படி இருக்கும்? போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "உலகமே அழிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கிறவன் அடிச்சுக்கிறான். இதுல ஒரு சண்டைப் படம் வேணும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒரே வரியில கதை சொல்லு" என்றார். உலகத்தை அவரே அழித்துக் கொடுத்துவிட்டார், பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மீதிப் பாதிதான் உதைத்தது. சேலத்தில் என் மச்சான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். இந்த வாய்ப்பும் கைநழுவினால் வாயை மூடிக்கொண்டு அங்கே போய் உட்காருவதாக மனைவிக்குச் சத்தியம் செய்திருந்தேன். கொலுசு நல்ல தொழில்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே போனால் நான் செத்தேன். அதனால் கதை யோசிக்க ஏற்காட்டுக்கு பஸ் ஏறி, கரடியூரில் ஒரு காப்பித் தோட்டக்காரர் வீட்டில் அறை எடுத்தேன்.

அடிவாரம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போதே கதை வந்துவிட்டது. கீழே எல்லாம் அழிந்துவிட்டது. மலைமேல் மட்டும் ஜனம். கொள்ளைக் கும்பல் வண்டி வண்டியாக மேலே வருகிறது. ஹீரோ பாறையை உருட்டிப் பாதையை அடைக்கிறான். இருபது கொண்டை ஊசி வளைவு, இருபது சண்டை! எனக்கு நானே கைதட்டிக்கொள்ளாத குறை.

வியாழக்கிழமை காலை, களத்தில் காப்பிப் பழம் காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அக்காவிடம் அதை நடித்தே காட்டினேன், பாறை உருளும் சத்தம் உட்பட. அக்கா பழத்தைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"நொம்ப நல்லாருக்குங்க தம்பி. ஏனுங்க, ரோட்டை அடைச்சுப்போட்டா அரிசி எப்படிங்க வரும்?"

"அக்கா, இது சண்டைப் படம்."

"சண்டை போடறவனுக்குப் பசிக்காதுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. துப்பாக்கியை யோசித்திருந்தேன், பெட்ரோலை யோசித்திருந்தேன், சோற்றை யோசிக்கவே இல்லை. "அதான் இங்கேயே இவ்வளவு விளையுதேக்கா" என்று சமாளித்தேன்.

"காப்பியும் மொளகும் விளையுதுங்க. அதைத் தின்னா வயிறு நெறையுங்களா? ராகி, சாமை போட்ட காட்டுலயும் இப்பக் காப்பிதானுங்க. போன மழைக்கு மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சு. ஊட்டுக்கு ஒரு ஆளு கடப்பாரையும் மம்பட்டியுமாப் போய் நின்னோம். ரோட்டை அடைக்கறவன் எங்கூரு ஆளா இருக்க மாட்டானுங்க."

அன்று பகல் முழுக்க முறுக்கிக்கொண்டு திரிந்தேன். சாயங்காலம் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். கதையைத் திருப்பிப் போட்டேன். கீழே கொஞ்சம் வயல் பிழைத்திருக்கிறது. கும்பல்தான் பாறை போட்டு மலையைப் பட்டினி போடுகிறது. ஹீரோ ஊரைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவாகப் பாதையைத் திறந்தபடி இறங்குகிறான். அட, முதல் கதையைவிட இது எவ்வளவோ மேல்!

வெள்ளிக்கிழமை தயாரிப்பாளரிடம் சொன்னேன். "பிரமாதம்யா!" என்றார். "ஒரே ஒரு மாத்தம். அடைக்கிறது ஹீரோவா இருக்கட்டும். கீழ வயல் கியல் எல்லாம் வேண்டாம், வெறும் சாம்பல். மண்ணு அள்ளுறவனுக்கு எவன்யா விசிலடிப்பான்? சரின்னா நாளைக்கே வா."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சே விட்டேன்.

களத்துக்கு ஓடினேன். "படம் கிடைச்சிருச்சுக்கா! ஆனா ஹீரோவேதான் ரோட்டை அடைக்கிறான்."

அக்கா முகமெல்லாம் சிரிப்பு. "நொம்ப சந்தோசமுங்க. எத்தனை நாளைக்குங்க அடைக்கறான்?"

"படம் முடியற வரைக்கும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்பக் கொழந்தைங்களை மட்டும் மொதல்லயே கீழ எறக்கி உட்டுரச் சொல்லுங்க தம்பி. பாவம்."

கீழே சாம்பல்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, "ஹீரோ அடைக்க மாட்டான் சார்" என்றேன். எவ்வளவோ கெஞ்சியும் பார்த்தேன். "அப்ப வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அடுத்து மனைவியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை பட்டறைக்கு வருகிறேன் என்று மச்சானிடம் சொல்லச் சொன்னேன். அழுதேன்தான். ஆனாலும் அந்தக் குழந்தைகளை மலைமேல் வைத்துக்கொண்டு பாறையை உருட்ட என்னால் முடியவில்லை.