செக்பொயின்ட் இருந்த இடத்தில் ஒரு டிப்பர்

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது அபாண்டம். எனக்கு நன்றாக ஓடத் தெரியும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கொஞ்சம் குளறுபடி.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம், வைகாசி அம்மன் சடங்குக் காலம். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்கு நாவற்குடாவில் இருந்து புறப்பட்டோம். பஸ்ஸில் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். நான் கேட்டால்தானே! யாரோ ஓடித் தேய்ந்த ஒரு மோட்டார் சைக்கிளை அப்போதுதான் வாங்கி, அதைக் கழுவுவதும் துடைப்பதுமாக இருந்தேன்.

"இனி ஆரு நம்மள மறிக்கப் போறான்? காத்துப் போலப் போவம், ஏறு புள்ள" என்றேன்.

"உங்களை நம்பி ஏறுறன். பணியாரப் பெட்டி நசுங்கினா அக்காக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டு ஏறினாள்.

அந்த வீதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரையம்பதி தாண்டினால் ஒரு பெரிய செக்பொயின்ட் இருந்தது. மண் நிரப்பிய தார்ப்பீப்பாய்களை வீதிக்குக் குறுக்கே மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பீப்பாய்களுக்குள் வளைந்து வளைந்து போக வேண்டும். ஆண்களைச் சோதிப்பது இந்தப் பக்கம். பெண்கள் வீதியைக் கடந்து அந்தப் பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குப் போக வேண்டும். அடையாள அட்டையை முன்னமே கையில் எடுத்து வைத்திருந்தால் ஏச்சு குறையும். ஆமிக்காரன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்க போறது?" என்று கேட்டு, "சரி, போங்க" என்றால் போகலாம். அந்த "சரி, போங்க" காதில் விழும்வரை கால் நகராது.

நான் மோட்டார் சைக்கிள் பழகியதே அந்த வீதியில்தான். மற்றவர்கள் கியர் மாற்றப் பழகியது போல நான் இறங்கித் தள்ளவும் சேர்த்தே பழகினேன்.

பிறகு ஒருநாள் பீப்பாய்களும் போய்விட்டன, கொட்டிலும் போய்விட்டது. நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வேறு. சும்மா இருப்பேனா? "பிள்ளைகள், செக்பொயின்ட்டை றோட்டில இருந்து எடுத்தாச்சு, இனி உங்கட மண்டைக்குள்ள இருந்தும் எடுங்க" என்று வகுப்பில் ஒரு பிரசங்கம் வைத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பாவங்கள், என்னை நம்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கு வீதி முழுக்கச் செம்மண் புழுதி. புதுத் தார்க் காப்பெட் வீதி போடுகிறார்கள் என்று கிரவல் மண் ஏற்றிய டிப்பர் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் ஆரையம்பதியைத் தாண்டினோம். அவள் பின்னால் இருந்து, அக்காவின் மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ சொன்னாள். நானும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என்னிடம் காரணம் கேட்கக் கூடாது. என் கை எஞ்சினை நிறுத்தியது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டியது. இறங்கினேன். அவளும் இறங்கினாள். மாப்பிள்ளைக் கதை பாதியிலேயே நின்றுவிட்டது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு, இல்லாத பீப்பாய்களுக்கு இடையே இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு என்று நடு வீதிக்கே போய்ச் சேர்ந்தேன். அவள் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, இல்லாத தகரக் கொட்டிலை நோக்கி வீதியைக் கடந்தாள்.

பின்னால் ஒரு கிறீச். திரும்பிப் பார்த்தால் டிப்பரின் முகம். மலை மாதிரி வந்தது. நடு வீதியில் மாடு போல நின்ற என்னைத் தவிர்க்க, அது வலப்பக்கம் வெட்டியது. வலப்பக்கம்தான் அவள்.

கத்த வாயைத் திறந்தேன். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைவரை கேட்கும் குரல் எனக்கு. அன்றைக்கு மிதிபட்ட கோழிக்குஞ்சின் சத்தம்தான் வந்தது. எங்கும் புழுதி. அவளைக் காணவில்லை. முடிந்தது என்றே நினைத்தேன். சுனாமி அன்றைக்குக் கழுத்தளவு தண்ணீரில் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்தபடி இவளுடைய கையை விடாமல் பிடித்திருந்தவன் நான். அதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். கடல் கொண்டுபோகாதவளை, காய்ந்த வீதியில் நானே இறக்கி லொறிக்கு முன்னால் விட்டுவிட்டேனே! வண்டியைக் கீழே போட்டுவிட்டு நடு வீதியிலேயே குந்திவிட்டேன்.

புழுதி மெல்ல அடங்கியது. டிப்பர் நின்றிருந்தது. அதற்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். இடையில் ஒரு பிள்ளைகூடப் புகுந்து போக முடியாது.

சாரத்தை மடித்துக் கட்டியபடி ட்ரைவர் குதித்து இறங்கினார். ஏறாவூர்க்காரர் என்று பிறகு தெரிந்தது. "யா அல்லாஹ்! உனக்கென்ன பைத்தியமா? நடு றோட்டில உன்னை எவன்டா நிப்பாட்டச் சொன்ன?" என்று கத்தினார்.

விரலை நீட்டிக் காட்டினேன். முந்தி ஆமிக்காரன் நின்ற இடத்தில் ஒரு ஆடு நின்றது. அதற்கு என்னைச் சோதிக்கும் எண்ணம் எதுவும் இல்லை. புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ட்ரைவர் ஆட்டைப் பார்த்தார். கீழே கிடந்த வண்டியின் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். அவளுடைய கையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். ஏச்சு பாதியில் நின்றது. அப்படியே லொறியின் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த இடத்துக்கு வந்தா என்ட காலும் தன்னால பிறேக்குக்குப் போகுது தம்பி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பின்னால வாறவனெல்லாம் ஏசுறான். இண்டைக்கும் உங்களைக் காண முந்தியே மிதிச்சிட்டன். இல்லாட்டி இந்த லோட்டோட நிக்குமா? தங்கச்சி மௌத்துத்தான்."

அவள் இன்னும் அசையவில்லை. "இஞ்ச புள்ள, வா" என்று கூப்பிட்டேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கொட்டில் இருந்த திசையைப் பார்த்தபடி, அட்டையை முன்னால் நீட்டியபடி நின்றாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. "ஒண்டும் இல்லம்மா, ஒண்டும் இல்ல" என்று தரையில் இருந்தே அழுதேன். ஆம், அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ட்ரைவர் எழுந்தார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்று, அட்டையை மெதுவாக வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"களுவாஞ்சிக்குடிக்கு. அக்கா வீட்ட" என்றாள்.

"சரி, போங்க" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் அதை வாங்கிப் பையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் தலையைத் திருப்பி லொறியைக் கண்டாள். "என்ட அம்மாளாச்சி!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து என் முதுகில் இரண்டு அறை விட்டாள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக நான் அடி வாங்கியதில்லை.

ட்ரைவர் என்னிடம் வந்தார். குனிந்து கையை நீட்டினார். நான் சட்டைப் பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

"தம்பி, எழும்புறதுக்கு நான் கை தந்த" என்றார்.

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. என் பையிலேயே திருப்பி வைத்துவிட்டு, மறுபடியும் கையை நீட்டினார்.