மோல்டு போடாத நாள்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

தொண்ணூறுகளில் ஒரு மே மாதம். மர்பி டவுனில் எங்கள் வீட்டு ஷீட் கூரையைப் பிரித்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒண்டியிருந்தோம். கான்கிரீட் கலவையைக் கொட்டிக் கூரைக்கு மோல்டு போட ஆட்கள் வந்துவிட்டார்கள். காலையிலேயே புழுக்கம் தாங்கவில்லை. கல்லூரியில் புவியியல் படித்த நான் அப்பாவைத் தடுத்தேன்.

"கடல் பக்கமிருந்து ஈரக்காத்து வருதுப்பா. உள்நாட்டு வறண்ட காத்தோட மோதினா அது மேல ஏறி, சாயங்காலம் இடிமழையா கொட்டும். சிமென்ட்டெல்லாம் கரைஞ்சிடும். இன்னிக்கு வேணாம்."

மேஸ்திரி சிரித்தார். "என்னா கண்ணு, ரேடியோல வேலை கெடச்சிடுச்சா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆட்களுக்கு அரைநாள் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாலையில் தூரத்தில் கே.ஆர்.புரம் பக்கம் வானம் கறுத்து மின்னியது. எங்கள் தெருவில் ஒரு துளி விழவில்லை. இரண்டு காற்றும் எங்கோ தள்ளிச் சந்தித்துவிட்டன.

"எங்கேண்ணா மழ? ஒரு நாள் வேஸ்ட்டாப் போச்சே!" என்றார், எட்டிப் பார்க்க வந்த மேஸ்திரி. நான் கூனிக்குறுகி நின்றேன்.

"அதோ பெய்யுதே, கண்ணு தெரியலையா?" என்றார் அப்பா. "நாளைக்கும் அவளைக் கேட்டுட்டுதான் மோல்டு."

மறுநாள் காலை உண்மையாகவே கேட்டார். தெரியாது என்று தப்பித்திருக்கலாம். வெளியே வந்து, காற்று வரும் திசையையும் மேகத்தையும் நிதானமாகப் பார்த்தேன்.

"போடலாம்ப்பா. எதுக்கும் தார்ப்பாய் பக்கத்துல இருக்கட்டும்."

படிப்பென்றால் சரியாகச் சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சொன்னது தவறிய மறுநாளும் துணிந்து பதில் சொல்வதுதான் படிப்பு என்று அன்று தெரிந்தது.